வாளியில் வந்த பெண்மீன்கள்

பெயிண்ட் கடையில் வண்ணம் கலக்கும் அந்த அம்மாளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். "சும்மா வெள்ளைதானே, ஏதாவது ஒண்ணு குடுங்க" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், அன்றைக்கு அந்த ஆள் தொலைந்தான். வெள்ளையில் எத்தனை வெள்ளை உண்டு என்று பாடம் நடத்தாமல் அனுப்பமாட்டாள். சுவரிலிருந்து பெயர்ந்த காரையை நகத்தளவு கொண்டுபோய்க் கொடுங்கள், இரண்டு தடவை திருப்பிப் பார்ப்பாள், சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கி, அதே நிறத்தை டப்பாவில் இறக்கித் தந்துவிடுவாள். அப்பேர்ப்பட்ட கண். அந்தக் கண்ணிலேயே ஒருத்தர் மண்ணைத் தூவினார். தூவியவர் வேறு யாருமில்லை, அவள் வீட்டுக்காரர்தான்.

வீட்டுக்காரர் கூரியர் வேன் ஓட்டுகிறவர். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். அவள் தம்பி அவருக்கு வைத்திருந்த பெயர் வாயில்லாப்பூச்சி. "எங்க மாமாவ அடிச்சாக்கூட, 'கை வலிக்குதா'ன்னுதான் கேப்பாரு" என்பான். அவளும் சிரிப்பாள். கொஞ்சம் பெருமையும் உண்டு. குடிக்கிற புருஷன், கை நீட்டுகிற புருஷன் என்று அக்கம்பக்கத்தில் எத்தனை பார்க்கிறாள், நம்ம ஆள் தங்கம் என்றுதான் நினைத்திருந்தாள்.

அவர்கள் வீட்டு முன்னறையில் சோபா இருக்க வேண்டிய இடத்தில் மூன்று கண்ணாடித் தொட்டிகள். தங்கமீன் வகையறாவெல்லாம் அவளுக்குக் கணக்கிலேயே வராது. சிக்லிட் என்கிற மீன் குடும்பத்தில் பீகாக் என்று ஒரு வகை, எங்கேயோ ஒரு ஏரியில் பாறைகளுக்கு நடுவே வாழ்வது. அதில் அழகெல்லாம் ஆணுக்குத்தான். பெண்ணுக்குச் சாம்பல் உடம்பு, மங்கலாக நாலு கோடு, அவ்வளவுதான். ஆனால் பாடெல்லாம் பெண்ணுக்கு. முட்டையிட்ட கையோடு அத்தனையையும் வாயில் அள்ளிக்கொண்டு, குஞ்சுகள் நீந்துகிற வரைக்கும் வாரக்கணக்கில் ஒன்றும் தின்னாமல் கிடக்கும். தாடை உப்பியிருக்கும், உடம்பு வற்றிப்போகும். ஆண் அந்தப் பக்கம் ஜோராகச் சுற்றிக்கொண்டிருக்கும். "எல்லா வீட்லயும் இதே கதைதான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

அவளிடம் இருந்தது சுத்த நீலம். மூக்கிலிருந்து வால் வரை ஒரே நீலம், மஞ்சள் என்று ஒரு பொட்டுக்கூடக் கிடையாது. வெளிநாட்டுக்குக் குடிபோன பல் டாக்டர் ஒருவர், "உங்க கிட்டதான் இது பொழைக்கும்" என்று கையில் கொடுத்துவிட்டுப் போனது. கடைகளில் விற்பதெல்லாம் நாலு வகை கலந்து பிறந்தவை. அவளுக்குத் தெரிந்த மீன்காரர்கள் யாரிடமும் இந்த நீலம் இல்லை. தன் கையில் அது அற்றுப்போய்விடக் கூடாதே என்பதுதான் அவளுடைய பெரிய கவலை. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட இவ்வளவு கவலைப்படவில்லை. நாளெல்லாம் அடுத்தவர் கேட்கிற நிறத்தைக் கலந்து கலந்து கொடுக்கிறவளுக்கு, யாரும் கலக்காத நிறம் ஒன்று வீட்டில் இருந்தது.

இந்த வளர்ப்பில் ஒரு பெரிய சங்கடம் உண்டு. ஆணைப் பார்த்தால் எந்த வகை என்று சொல்லிவிடலாம். பெண்ணைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. எல்லா வகைப் பெண்ணும் ஒரே சாம்பல். அம்மாளின் கண்ணே அங்கே தோற்றுப்போகும். எந்தப் பெண் கலப்பு என்பது, அது பெற்ற ஆண் குஞ்சுகள் வளர்ந்து நிறம் காட்டும்போதுதான் தெரியும். அதற்குள் மாசக்கணக்கில் ஆகிவிடும். அதனால் அவள் தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தாள். கலப்பு என்று சந்தேகம் வந்துவிட்டால் அந்த மீனை யார் கைக்கும் கொடுப்பதில்லை. வாளித் தண்ணீரில் கிராம்பு எண்ணெய் விட்டுத் தூங்கவைத்துவிடுவது. தூங்கினால் பிறகு எழுந்திருக்காது. வலிக்காமல் போய்விடும்.

இந்தச் சட்டத்தை ஒப்புக்கொண்ட ஒரே ஆள், இரண்டு தெரு தள்ளியிருந்த மருந்துக்கடைக்காரர். அவளுக்கு அண்ணன் முறை ஒன்றும் இல்லை, ஆனால் பழகிப் பழகி அண்ணனாகிவிட்டார். அவரை நம்பித்தான் தன் நீலத்தில் மூன்று பெண்களை அவர் தொட்டிக்குக் கொடுத்திருந்தாள். ஆண் மட்டும் கிடையாது. அவளிடமிருந்த பெரிய ஆணை அவ்வப்போது இரவலாக அனுப்புவாள். அதற்கு மாப்பிள்ளை என்றே பெயராகிவிட்டது. "மாப்பிள்ளை மறுவீட்டுக்குக் கிளம்பிட்டாரு, கவனிச்சுக்கோங்கண்ணே" என்பாள். "விருந்தெல்லாம் ரெடிம்மா" என்று அவர் வந்து வாங்கிக்கொண்டு போவார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது மகளுக்குப் பிரசவம் நெருங்கியது. மகள் இருந்தது வேறு ஊரில். அம்மா போகாமல் முடியுமா? மாப்பிள்ளையைத் தனித் தொட்டியில் பிரித்துவிட்டு, பெண்கள் நான்கையும் நடுத் தொட்டியில் ஓய்வாக விட்டுவிட்டு, வீட்டுக்காரரிடம் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னாள்.

"ஒரு சிட்டிகை தீனி போடுங்க. வேற எதையும் தொடாதீங்க. கையையே உள்ள விடாதீங்க, சரியா?"

"சரிம்மா, நீ நிம்மதியா போ" என்றார்.

பேரனைப் பார்த்த சந்தோஷத்தோடு திரும்பி வந்தபோது வீடு பளிச்சென்று இருந்தது. தொட்டியும் பளிச்சென்று இருந்தது. பெண்கள் நான்கும் இருந்தன. ஆனால் அவளைக் கண்டதும் பாறைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டன. முன்பெல்லாம் அவள் நிழல் விழுந்தாலே மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு தீனி கேட்கிறவை.

"என்னங்க இது, என்னைப் பாத்து ஓடுதுங்க?"

"நீ விட்டுட்டுப் போயிட்டியே, கோவிச்சுக்கிட்டு இருக்குங்க" என்றார் வீட்டுக்காரர்.

அடேயப்பா, அந்த ஒரு வார்த்தையில் உருகிப்போனாள். பொல்லாத கோபக்காரிதான், ஆனால் தனக்காக ஒரு ஜீவன் ஏங்குகிறது என்று சொன்னால் எதையும் நம்புவாள். மகளுக்குப் போன் போட்டு வேறு சொன்னாள், மீன்களெல்லாம் தன்னோடு சண்டை என்று.

பிறகு மாப்பிள்ளையை அவற்றோடு சேர்த்தாள். முட்டையிட்டன. குஞ்சு வளர்க்கும் தொட்டி அப்போது ஒழுகிக்கொண்டிருந்ததால், முதல் ஈட்டுக் குஞ்சுகளை அப்படியே மருந்துக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டாள். இரண்டாவது ஈடு வருவதற்குள் ஒழுகலை அடைத்தாகிவிட்டது, அது வீட்டிலேயே வளர்ந்தது.

மாசங்கள் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடைக்காரர் பிளாஸ்டிக் பையில் ஒரு இளம் ஆணைப் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். முகம் சரியில்லை. பையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. நீ குடுத்த குஞ்சுல வளந்தது. தோள்பட்டைய பாரு."

பார்த்தாள். கடையில் ஒரு சொட்டு மஞ்சள் கூடிப்போன டப்பாவைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிறவள், கையெட்டும் தூரத்தில் இருப்பதைப் பார்க்கமாட்டாளா? தோளில் மஞ்சள் கறை. கலப்பு, சந்தேகமே இல்லை.

"இது எங்க வீட்டு மீனே இல்ல" என்றாள்.

"உங்க வீட்டுதாம்மா. ஒண்ணு ரெண்டு இல்ல, நிறம் காட்டுற ஆணெல்லாம் இப்படித்தான் இருக்கு. தனித் தொட்டியில வச்சுத்தான் வளத்தேன்."

"உங்க கிட்டதான் மஞ்சள் பீகாக் இருக்கு, எங்கிட்ட இல்ல. எங்கேயோ நீங்கதான் அசந்திருக்கீங்க."

"நான் அசரலம்மா. நீ ஊருக்குப் போயிருந்தப்ப ஏதாவது..."

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த வாயில்லாப்பூச்சி வாயைத் திறந்தார்.

"எங்க வீட்டுத் தொட்டிய நான் பாத்துக்கிட்டேன். உங்க கடைப் பரபரப்புல நீங்க ஒண்ணைத் தூக்கி ஒண்ணுல போட்டிருப்பீங்க. அதுக்கு இவளை ஏன் சொல்றீங்க?"

அம்மாளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் தனக்காக ஒரு ஆளோடு வாதாடி அவள் பார்த்ததில்லை. மாமியார் அவளை வாய்க்கு வந்தபடி பேசியபோதுகூடத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றவர். அந்தத் தைரியத்தில் அவளுக்கு நாக்கு இன்னும் நீண்டது. என்னென்னவோ சொன்னாள். கடைசியில், "எங்க மீன் மொத்தத்தையும் திருப்பிக் கொடுத்துடுங்க, அந்தப் பழைய மூணு பெண்ணையும் சேத்து. உங்க தொட்டியில இருந்த எதையும் இனிமே நான் நம்ப மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். மருந்துக்கடைக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலமே வாளி வந்தது. அவள் படுக்கையறையை விட்டு வெளியே வரவில்லை, முகத்தில் முழிக்க இஷ்டமில்லை. வீட்டுக்காரர்தான் வாசலில் போய் வாங்கினார். ஏதோ இரண்டு வார்த்தை பேசுகிற சத்தம் கேட்டது, பிறகு கதவு சாத்தியது.

வாளியில் எல்லாம் சேர்ந்து கிடந்தன, மேலிருந்து பார்க்க முதுகுகள் மட்டும்தான் தெரிந்தன. பழைய பெண்கள் மூன்று, வளர்ந்த குஞ்சுகள் ஒரு கூட்டம். பழைய மூன்றுமே மாறிப்போயிருந்தால் யார் கண்டது, அவளுடைய சட்டம் அவளுக்கே. எண்ணெயை வெந்நீரில் கலந்து குலுக்கிச் சீசாவில் எடுத்துவிட்டாள், ஆனால் ஊற்றக் கை வரவில்லை. எத்தனையோ தலைமுறையாக அவள் வாயும் வயிறும் பார்த்து வளர்த்தவை.

"நீங்க ஊத்துங்க. நான் பாக்கல" என்று சொல்லிவிட்டு, திரும்பி உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள்.

வீட்டுக்காரர் வாளியைப் பிடித்துக்கொண்டு ஊற்றினார். எல்லாம் அடங்கியதும் அவரே பின்பக்கம் எடுத்துப்போய்ப் புதைத்தார், அவரே வாளியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். என்ன மனுஷன், எவ்வளவு பாந்தம் என்று அதற்கும் அவள் மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டாள்.

மருந்துக்கடைப் பக்கம் போவதையே விட்டாள். தலைவலி மாத்திரைக்குக்கூட வேறு தெருவுக்கு நடந்தாள். மீன்காரர்கள் நாலு பேர் கூடுகிற இடத்தில், "அவருகிட்ட எதையும் வாங்காதீங்க" என்று சொல்லவும் செய்தாள்.

அப்புறம் ஒரு விடுமுறை நாளில், காலைத் தீனி போடக் குனிந்தவள் குனிந்தபடியே நின்றாள். வீட்டிலேயே வளர்ந்த இரண்டாவது ஈட்டில் ஒரு இளம் ஆண் நிறம் காட்ட ஆரம்பித்திருந்தது. முகத்தில் நீலம். தோளில் மஞ்சள். இன்னொன்று வந்தது, அதன் தோளிலும் மஞ்சள்.

இந்தக் குஞ்சுகள் மருந்துக்கடைக்காரர் வீட்டு வாசலைப் பார்த்ததில்லை. வாயிலிருந்து விழுந்த நாள் முதல் இந்தக் கண்ணாடிக்குள்தான். தகப்பன் மாப்பிள்ளை, அதோ நிற்கிறது, பொட்டு மஞ்சள் கிடையாது. அப்படியானால் கலப்பு தாயிடம்தான். தாய்கள் நான்கும் இந்தத் தொட்டியை விட்டு அசைந்ததில்லை. அவள் இங்கே இருந்தவரைக்கும் அசைந்ததில்லை. அவள் இல்லாதபோது?

தீனி டப்பாவை மூடினாள்.

"ஏங்க, இங்க வாங்க. நான் பாப்பா பிரசவத்துக்குப் போயிருந்தப்ப இந்தத் தொட்டியில என்ன நடந்துச்சு?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. கொஞ்ச நேரம் தொட்டியைப் பார்த்தார், கொஞ்ச நேரம் காலைப் பார்த்தார். அப்புறம் சொன்னார். ஃபில்டருக்குள் இருக்கிற பஞ்சு அழுக்காக இருந்ததாம். நீ வரும்போது சுத்தமாக இருக்கட்டும் என்று, அதை எடுத்துப் பாத்திரம் தேய்க்கிற சோப்புப் போட்டுக் கழுவி மாட்டினாராம். பஞ்சில் இருக்கிற அழுக்குதான் தண்ணீரைக் காப்பாற்றுகிறது என்பது அவருக்குத் தெரியுமா என்ன? விடிந்து பார்த்தால் நான்கும் மல்லாந்து மிதந்தனவாம்.

"அப்புறம்?"

"மீன் கடைக்குப் போனேன். அதே மாதிரி, அதே அளவுல நாலு பொட்டை வாங்கிட்டு வந்து விட்டேன். நீ அழுவியேன்னுதான்."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான்கு மீன் செத்தது அவளுக்குப் புரிந்தது. தெரியாமல் செய்தது, போகட்டும். ஆனால் கடைப் பெண்களை வைத்துக்கொண்டு மாசக்கணக்கில் ஜோடி சேர்த்து, குஞ்சு எடுத்து, அண்ணன் கையில் "சுத்த நீலம்" என்று சத்தியம் பண்ணிக் கொடுத்தாளே, அதையெல்லாம் இந்த ஆள் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் அடுத்தது உறைத்தது.

"அப்ப அன்னைக்குப் பக்கெட்டுல வந்த அந்த மூணு? அது நான் முன்னாடியே குடுத்த நிஜ மீனுங்கதானே?"

அவர் மறுபடியும் காலைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஊத்தினீங்க."

"நீ அவ்வளவு கோவத்துல இருந்தே. எப்படிச் சொல்றது? அதோட மூணும் கிழடு தட்டின மீனு. இனிமே எங்க முட்டை போடப்போகுதுன்னு நெனச்சேன். இருந்தும் ஒண்ணுதான், போயும் ஒண்ணுதான்னு..."

அழுதாள், திட்டினாள், சோறு வேண்டாம் என்றாள். ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, சாயங்காலத்துக்குள் பாதி மன்னித்துவிட்டாள். பயந்த சுபாவம், பயத்தில் ஒரு பொய், அதை மறைக்க இன்னொரு பொய் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மூன்றும் வயசானவை என்பதும் பொய்யில்லையே. மன்னிப்புக் கேட்க வேண்டியது அண்ணனிடம். மறுநாள் காலை வேலைக்குப் போகிற வழியில் மருந்துக்கடைக்குப் போனாள்.

அவர் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். அவள் சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் கொட்டினாள். சோப்பு, கடைப் பெண்கள், தன் வாய்க்கொழுப்பு, எல்லாம். "நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்குண்ணே. உங்களைப் பத்தி நாலு பேருகிட்ட வேற சொல்லிட்டேன்."

"விடும்மா" என்றார் அவர். முகம் தெளிந்துவிட்டது, பாவம். "எனக்கும் மனசு ஆறாமத்தான் இருந்துச்சு. இப்ப என்ன கெட்டுப்போச்சு? மாப்பிள்ளை நல்லா இருக்காரில்ல? பழைய பொண்ணுங்க மூணும் உங்கிட்டதானே இருக்கு? திரும்ப ஆரம்பிச்சுடலாம். ஆமா, அந்த ஒண்ணு வாயில வச்சிருந்துச்சே, எத்தனை குஞ்சு விட்டுச்சு?"

அவள் விழித்தாள். "எந்த ஒண்ணு?"

"ஏம்மா, மாப்பிள்ளை கடைசியா எங்க வீட்டுக்கு வந்துட்டுப் போனப்ப அடைச்சது. தாடை இத்தாம் பெருசுக்கு உப்பியிருந்துச்சு. அதான் பக்கெட்டைக் குடுக்கும்போதே உங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேனே. நம்ம சண்டை நம்மளோட, இது பழைய நீலம், வாயில முட்டை இருக்கு, உடனே தனியா விடச் சொல்லுங்கன்னு. ரெண்டு தடவை சொன்னேன். சரிண்ணேன்னாரு."

சொல்லாமல் அங்கிருந்து நகர முடியாது, சொன்னாள். கிராம்பு எண்ணெய் என்றதும் அவர் ஷட்டர் கம்பியைக் கீழே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். மருந்துச் சீட்டோடு வந்து நின்ற ஒருத்தரை, "கொஞ்சம் கழிச்சு வாங்க" என்று அனுப்பினார். அவளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

வேலைக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பி நடந்தாள். வீட்டுக்காரர் சீருடை மாட்டிக்கொண்டு வேன் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அண்ணன் பக்கெட்டைக் குடுக்கும்போது உங்ககிட்ட என்ன சொன்னாரு?"

"எப்ப? ஞாபகமில்லயே."

"ஞாபகப்படுத்திச் சொல்லுங்க."

சாவி மேஜைமேலேயே கிடந்தது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். "ஒண்ணு வாயில வச்சிருக்குன்னாரு."

"எண்ணெய ஊத்தினதும் அது என்ன பண்ணுச்சு?"

என்ன பண்ணும் என்று அவளுக்குத் தெரியும். மூச்சு முட்டினால் வாயைத் திறந்துவிடும். ஆனாலும் அவர் வாயால் வரட்டும் என்று காத்திருந்தாள்.

"துப்பிடுச்சு. அடியில மஞ்சளா கெடந்துச்சு. கழுவி விட்டுட்டேன்."

"நான் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்? கை நீட்டினா தொடுற தூரம். ஒரு குரல் குடுத்திருந்தா முட்டையையாவது எடுத்திருப்பேனே. தாய் இல்லாமலே காத்து விட்டுப் பொரிக்க வச்சிருக்கேன், நீங்களே பாத்திருக்கீங்க. உசிரோட இருந்துச்சே, நீலம் முழுசும் அந்த பக்கெட்டுக்குள்ள உசிரோட இருந்துச்சே!"

"சொன்னா எல்லாமே வெளிய வந்துடும்... உன்னால தாங்க முடியாதுன்னுதான்..."

"என்னால தாங்க முடியாதுன்னு இல்ல. உனக்கு அசிங்கமாயிடும்னு. அதுக்காக அந்த மனுஷனைத் திருடன் மாதிரி நிக்க வச்சே. எனக்காகப் பேசுறேன்னு நான் பூரிச்சுப்போய் உக்காந்திருந்தேன், அதையும் பாத்துக்கிட்டே இருந்தே."

அவர் கிட்டே வந்து அவள் தோளைத் தொடப் பார்த்தார். அவள் விலகிக்கொண்டாள்.

"சரி விடு, அழாத" என்றார், எப்போதும்போல் அதே தாழ்ந்த குரலில். "இன்னைக்கே போய் வேற வாங்கிட்டு வந்துடறேன். நல்ல நீலமாவே பாத்து வாங்கிட்டு வரேன்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு முன்னறையைச் சுற்றிப் பார்த்தாள், சுவரில் கல்யாணப் போட்டோ, அலமாரி, மகள் அனுப்பிய பேரன் படம், ஒவ்வொன்றாக.

"இத்தனை வருஷத்துல, இந்த வீட்ல இன்னும் என்னென்ன மாத்தி வச்சிருக்கே? இப்பவே சொல்லிடு."

அவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வெளியே வேனை எடுக்கச் சொல்லி யாரோ ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.